சிம்னி கேஸ்ல இருந்து கார்பன் டை ஆக்சைடு பிடிக்க, திரும்பத் திரும்ப யூஸ் பண்ற மெட்டீரியல் – எதை எடுக்கலாம்?

சுண்ணாம்புக்கல்:

வணக்கம். நான் கெமிக்கல் இன்ஜினியரிங் ஃபைனல் இயர் படிக்கிறேன், ஊரு அரியலூர் பக்கம், எங்க வீட்டு மாடியில நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிமெண்ட் ஆலை சிம்னி தெரியும். அதனாலயே ப்ராஜெக்ட் இதுலதான் பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. அதாவது சிம்னில போற சிஓ2-வை ஒரு திடப்பொருள் வெச்சு பிடிச்சு, அப்புறம் சூடு பண்ணியோ வேக்கம் போட்டோ அதை தனியா வெளிய எடுத்துட்டு, அதே பொருளை மறுபடி மறுபடி யூஸ் பண்றது.

படிக்க ஆரம்பிச்சா தலை சுத்துது. ஜியோலைட் 13எக்ஸ்னு (நுண்துளை உள்ள ஒரு அலுமினோசிலிகேட்) ஒருத்தர் சொல்றார், ஆக்டிவேட்டட் கார்பன்னு ஒருத்தர், எம்ஓஎஃப்னு, அதாவது உலோகமும் ஆர்கானிக் மூலக்கூறும் சேர்ந்த நுண்துளைப் பொருள்னு ஒருத்தர் (2025 கெமிஸ்ட்ரி நோபல் அதுக்குத்தானே குடுத்தாங்க), சிலிக்கா மேல அமீன் (சிஓ2-வோட கெமிக்கலா சேர்ற நைட்ரஜன் சேர்மம்) ஏத்தினது, அப்புறம் சாதா சுண்ணாம்பே போதும்னு இன்னொரு கூட்டம். ஒவ்வொரு பேப்பர்லயும் ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிமோல் பிடிக்குதுன்னு ஒரு நம்பர் பெருசா போட்டிருக்காங்க. அந்த நம்பர் எதுக்கு அதிகமோ அதை எடுத்துட்டா போதுமா? கைடு கிட்ட கேட்டா "ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோம்மா"ன்னுட்டார். காலேஜ்ல டிஜிஏ (சூடு பண்ணிக்கிட்டே எடை பார்க்கிற மெஷின்) ஒண்ணு இருக்கு, மஃபில் ஃபர்னஸ் (மூடின மின் உலை) இருக்கு, கேஸ் சிலிண்டர் வாங்கித் தருவாங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, எங்க அப்பா கேட்டார், நிலக்கரிய நிறுத்திட்டு சோலார்ல ஓட்டினா இந்தப் புகையே வராதே, எதுக்கு பிடிச்சுக்கிட்டு இருக்கணும்னு. எனக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியல.

ஸ்டீம்_பேலன்ஸ்:

அப்பா கேட்டதுதான் முக்கியமான கேள்வி, அதை முதல்ல பார்த்துடலாம். சிமெண்ட்ல வர்ற சிஓ2-ல கிட்டத்தட்ட 60 சதவீதம் எரிபொருள்ல இருந்து வர்றதே கிடையாது, கல்லுக்குள்ள இருந்து வருது. கால்சியம் கார்பனேட்டோட எடையில 44 சதவீதம் சிஓ2, கில்ன்ல (சிமெண்ட் சூளையில) போட்டு சுட்டா அது வெளிய வந்தே தீரும், அப்பதான் கிளிங்கர் (அரைச்சு சிமெண்ட் ஆக்குற கட்டி) ஆகும். சோலார்ல சுட்டாலும் வரும், ஹைட்ரஜன்ல சுட்டாலும் வரும். உங்க ஊரு சுண்ணாம்புக்கல் கிரிடேஷியஸ் காலத்துக் கடல்ல படிஞ்சது, ஆறு கோடி வருஷத்துக்கும் மேல உள்ள பூட்டிக் கிடந்த கார்பன் அது, அதைத்தான் நாம தினம் டன் கணக்குல திறந்து விடுறோம். கரண்டுக்காவது சோலார், காத்தாலைன்னு மாத்து வழி இருக்கு, சிமெண்டுக்கு பிடிக்கிறதைத் தவிர பெரிய வழி இல்ல, அதனாலதான் இந்த விஷயம் உங்க ஊருக்கு இவ்வளவு முக்கியம்.

இப்ப உங்க கேள்வி. அதிகமா பிடிக்கிறதை எடுத்தா போதுமான்னா, போதாது. பிடிக்கிறதுக்கு பெருசா செலவே இல்ல, பிடிச்சதை விட வைக்கிறதுக்குத்தான் மொத்த செலவும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு டன் சிஓ2-ங்கிறது சுமார் 22,700 மோல். அமீன் மாதிரி கெமிக்கலா கெட்டியா பிடிக்கிற பொருளோட பிணைப்பு மோலுக்கு 85 கிலோஜூல்னு வெச்சுக்குங்க, அதை உடைக்க மட்டும் டன்னுக்கு 1.9 ஜிகாஜூல் வேணும். ஜியோலைட் மாதிரி 40 கிலோஜூல்னா 0.9 ஜிகாஜூல். ஆக்டிவேட்டட் கார்பன் 25 கிலோஜூல்தான், ஆனா அது ஃப்ளூ கேஸ்ல (சிம்னி புகையில) இருக்கிற 15 சதவீத செறிவுல பிடிக்கிறதே கம்மி. இதுக்கு மேல அந்தப் பொருளையே சூடேத்துற வெப்பம், பாத்திரத்தோட இரும்பை சூடேத்துற வெப்பம், அப்புறம் திரும்ப ஆற வைக்கிற நேரம். தெர்மோடைனமிக்ஸ் கேக்குற குறைஞ்சபட்ச வேலை டன்னுக்கு 0.2 ஜிகாஜூல் கூட இல்ல, நாம கட்டுற விலை அதுக்கு எத்தனையோ மடங்கு.

அதனால பேப்பர்ல பெருசா போட்டிருக்கிற நம்பரை விட்டுட்டு ஒர்க்கிங் கெபாசிட்டிய பாருங்க, பிடிக்கிற கண்டிஷன்ல எவ்வளவு நிக்குது, விடுற கண்டிஷன்ல எவ்வளவு மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்த வித்தியாசம் மட்டும்தான் ஒவ்வொரு சுத்துக்கும் நமக்குக் கிடைக்கும். 5 மில்லிமோல் பிடிச்சு 4-ஐ விடாம வெச்சிருக்கிற பொருளை விட, 2 பிடிச்சு ஒன்றரை விடுற பொருள் மேல்.

அடுத்தது சுத்தோட வேகம், இதை யாரும் ஸ்டூடண்ட்ஸ்க்கு சொல்லித் தர்றதில்ல. வருஷத்துக்கு பத்து லட்சம் டன் கிளிங்கர் போடுற ஒரு ஆலைன்னா சுமார் எட்டு லட்சம் டன் சிஓ2, அதாவது மணிக்கு 100 டன். பொருள் ஒரு கிலோவுக்கு 1 மோல், அதாவது 44 கிராம் தான் ஒரு சுத்துல நிகரமா தருதுன்னா, ஒரு டன் பிடிக்க 22.7 டன் பொருள் வேணும். ஒரு சுத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தா 2,270 டன் பொருள் கொட்டி வெக்கணும், யார் வாங்குவா? அதே சுத்து ஒரு நிமிஷத்துல முடிஞ்சா 38 டன் போதும். ஆக பொருளோட கெமிஸ்ட்ரி எவ்வளவு முக்கியமோ, அதுக்குள்ள சூடு எவ்வளவு சீக்கிரம் போய் வருதுங்கிறதும் அவ்வளவு முக்கியம்.

தாமிரபரணி_ஆபரேட்டர்:

மேல சார் சொன்னது அத்தனையும் சரி, நான் ப்ளாண்ட் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்லுதேன். நான் உரக் கம்பெனியில சிஓ2 ரிமூவல் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் ஷிஃப்ட் பாத்தவன். திடப்பொருள் வர்றதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப யூஸ் பண்ற திரவம் வந்தாச்சும்மா, 1930-லேயே அமீனுக்கு பேட்டன்ட் எடுத்தாச்சு. அமோனியா ப்ளாண்ட்ல சின்தசிஸ் கேஸ்ல இருந்து சிஓ2-வை உருவி யூரியாவுக்கு அனுப்புறோம், அது இல்லைன்னா யூரியாவே இல்ல. ஒரு டவர்ல பிடிக்கும், அடுத்த டவர்ல ஸ்டீம் குடுத்தா விட்ரும், அதே கரைசல் சுத்திக்கிட்டே இருக்கும்.

ஆனா அங்க ஓடுதுல்லா, இங்கயும் ஓடும்னு நினைக்கக் கூடாது. உரக் கம்பெனியில கேஸ் இருபது முப்பது பார் அழுத்தத்துல வரும், ஆக்சிஜனே கிடையாது. சிம்னி கேஸ் சாதா காத்து அழுத்தம்தான், ஆக்சிஜன் இருக்கு, தூசி இருக்கு, எஸ்ஓ2 (சல்ஃபர் டை ஆக்சைடு) இருக்கு, எல்லாம் அமீனுக்கு எமன். ஆக்சிஜன் பட்டா அமீன் கொஞ்சம் கொஞ்சமா சிதையும், எஸ்ஓ2 வந்தா சூடு பண்ணினாலும் பிரியாத உப்பாகி அங்கேயே தங்கிரும், கரைசல் கறுத்து நுரை தள்ளும், டவர்ல டிபி (மேலயும் கீழயும் உள்ள அழுத்த வித்தியாசம்) ஏறும், இரும்பு அரிக்கும். அதனாலதான் உள்ள விடுறதுக்கு முன்னாடியே எஸ்ஓ2-வை பத்து பிபிஎம் கிட்ட இறக்கணும்னு சொல்லுவாங்க. சிமெண்டுல ஒரு நல்லது, ப்ரீஹீட்டர்ல (கில்னுக்கு முன்னாடி மாவை சூடேத்துற டவர்ல) இறங்குற சுண்ணாம்பு மாவே பெரும்பகுதி எஸ்ஓ2-வை பிடிச்சிரும்.

எங்கூரு தூத்துக்குடியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில 2016-ல இருந்து நிலக்கரி பாய்லர் புகையில வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கிற மாதிரி யூனிட் போட்டாங்க, கார்பன் கிளீன் கம்பெனியோட சால்வென்ட், ஐஐடி கரக்பூர்ல படிச்ச பையங்க ஆரம்பிச்ச கம்பெனி அது. பிடிச்சதை சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) தயாரிக்க அங்கேயே யூஸ் பண்ணிக்கிட்டாங்க, அரசாங்க மானியம் இல்லாமலே. உலகம் பூரா பேப்பர்ல வந்த செய்தி. ஏன் அங்க கட்டுப்படியாச்சுன்னா வாங்குறவன் அதே காம்பவுண்டுக்குள்ள இருந்தான். அரியலூர்ல டால்மியா சிமெண்ட்காரங்களும் 2019-ல அதே கம்பெனியோட சேர்ந்து வருஷத்துக்கு அஞ்சு லட்சம் டன் பிடிக்கிற ப்ளாண்டுன்னு அறிவிச்சாங்க, ஒன் ஊருதானேம்மா, தேடிப் படி.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போச்சுன்னா அந்த சிஓ2 அங்க வெளிய வந்துரும், யூரியாவும் வயல்ல போட்டா விட்ரும். அதனால இதுகள்ல போறதை நிரந்தரமா அடைச்சதா கணக்குல எழுதாதே. நார்வேல பிரெவிக்னு ஒரு சிமெண்ட் ஆலை, 2025-ல திறந்தாங்க, அமீன்தான், வருஷத்துக்கு நாலு லட்சம் டன், ஆலையோட மொத்தப் புகையில பாதி. அதை கப்பல்ல ஏத்தி கடலுக்கு அடியில பாறைக்குள்ள இறக்குதாங்க. அது அடைச்சது. சாதா எம்இஏ (மோனோஎத்தனாலமீன்) கரைசல்ல ஒரு டன் சிஓ2 பிரிக்க ஒன்றரை டன்னுக்கு மேல ஸ்டீம் போவும், அந்த ஸ்டீமுக்கு வேஸ்ட் ஹீட்டை எங்க இருந்து எடுக்கதுன்னு பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்.

காங்கேயம்_கரி:

வணக்கமுங்க. எங்களுது தேங்காய்த் தொட்டிக் கரியில ஆக்டிவேட்டட் கார்பன் போடுற யூனிட்டு. கார்பனை எல்லாரும் ஒரு வரியில தாண்டிப் போறாங்க, அதனால எழுதறனுங்க.

உண்மையை சொல்லோணும்னா ஃப்ளூ கேஸ்ல சிஓ2 பிடிக்க எங்க கார்பன் பெருசா சோபிக்காதுங்க. ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல பரப்பு இருக்குது, நுண்துளை பூராவும் இருக்குது, ஆனா சிஓ2 மேல அதுக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லீங்க, கேஸ் சூடா வந்தா இன்னும் கம்மி. அதுக்குப் பதிலா ஆவியாப் போற சால்வென்ட்டைப் பிடிக்கச் சொல்லுங்க, அதுல கார்பன்தான் ராஜா. பேக்கேஜிங் ஃபிலிம் பிரிண்ட் பண்ற யூனிட்டு, டேப்புக்கு கம் பூசற யூனிட்டு, மருந்துக் கம்பெனி எல்லாத்துலயும் எக்ஸாஸ்ட்ல டொலுயீன், எத்தில் அசிடேட் போகுமுங்க, காசும் போகுது, பக்கத்துல குடியிருக்கறவங்க நெஞ்சுக்குள்ளயும் போகுது. ரெண்டு மூணு பெட் வெச்சு, ஒண்ணு பிடிச்சிட்டு இருக்கறப்ப இன்னொண்ணுக்கு ஸ்டீம் விட்டு கழுவி எடுக்கறது. டொலுயீன்னா தண்ணியோட கலக்காது, டிகாண்டர்ல மேல மிதக்கும், அப்படியே எடுத்து மறுபடி ஊத்திக்கலாமுங்க. எத்தில் அசிடேட் தண்ணில கொஞ்சம் கரையும், சூட்டுல கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் ஆகி இரும்பை அரிக்கும், அதனால அதுக்கு சூடான நைட்ரஜன்ல ரீஜெனரேட் பண்றவங்க உண்டு.

வாங்கறவங்க எல்லாரும் அயோடின் நம்பர் (அயோடினை எவ்வளவு பிடிக்குதுங்கற அளவு) மட்டும் கேக்கறாங்க, அது தண்ணி வேலைக்கு சரிங்க. கேஸ் வேலைக்கு சிடிசி (கார்பன் டெட்ராகுளோரைடு ஆவியை எவ்வளவு பிடிக்குதுங்கற அளவு) கேளுங்க, ஹார்ட்னஸ் கேளுங்க, சாம்பல் எவ்வளவுன்னு கேளுங்க. ஹார்ட்னஸ் கம்மியான சரக்கு நாலஞ்சு மாசம் ஸ்டீம் வாங்கினா தூளாகி பெட் அடைச்சுக்கும், அப்ப திரும்ப யூஸ் பண்றதுங்கற பேச்சுக்கே இடமில்ல. எம்ஈகே, சைக்ளோஹெக்சனோன் மாதிரி கீட்டோன் வந்தா ரொம்ப ஜாக்கிரதைங்க, கார்பன் மேல ஆக்சிஜனோட சேர்ந்து சூடு கிளப்பும், காத்தோட்டம் இல்லாம நிறுத்தி வெச்ச பெட்ல தீயே பிடிச்சிருக்குது. பெட்டுக்குள்ள பல உயரத்துல டெம்பரேச்சர் ப்ரோப் இல்லாம அந்த வேலையில இறங்கக் கூடாதுங்க.

அப்புறம் எஸ்ஓ2-வுக்கும் கார்பன் வழி உண்டு. ஜப்பான்ல யோகோஹாமா பக்கம் இசோகோ அனல் மின் நிலையத்துல ஆக்டிவேட்டட் கோக்ல எஸ்ஓ2-வை பிடிக்கறாங்க, அது துளைக்குள்ள சல்ஃபியூரிக் ஆசிட்டா தங்கும், 400 டிகிரி கிட்ட சூடு பண்ணினா செறிவான எஸ்ஓ2-வா வெளிய வரும், அதுல ஆசிட் போட்டு வித்துக்கலாம், கோக் திரும்பப் போகுது. அம்மோனியா கொஞ்சம் விட்டா நாக்ஸும் (நைட்ரஜன் ஆக்சைடுகளும்) குறையும். நம்ம நாட்டுல எஃப்ஜிடின்னா (புகையில இருந்து எஸ்ஓ2-வை எடுக்கறது) சுண்ணாம்புக் குழம்பு தெளிச்சு ஜிப்சம் ஆக்கறதுதான் எல்லாத்துக்கும் தெரியும், அதுக்கு தண்ணி நிறைய வேணும், சுண்ணாம்பு ஒரு தடவைதான் யூஸ். தண்ணி இல்லாத ஊருக்கு இந்த கோக் முறைய யாராச்சும் தீவிரமா பார்க்கோணுமுங்க, கரி நம்மகிட்டயே இருக்குது.

சுண்ணாம்புக்கல்:

ரொம்ப ரொம்ப நன்றி அண்ணா, சார் எல்லாருக்கும். அப்பாகிட்ட அந்த 44 சதவீதக் கணக்கை எழுதியே காட்டினேன், அமைதியா பார்த்துட்டு "அப்ப பிடிச்சுத்தான் ஆகணும்"னார்.

இப்ப ரெண்டு விஷயம் புரியுது, விட வைக்கிற செலவு, சுத்தோட வேகம். ஆனா எம்ஓஎஃப் பத்தி யாரும் சொல்லலையே? அதை லேப்ல பண்ண முடியுமா? இல்ல சுண்ணாம்பையே எடுக்கட்டுமா, எங்க ஊரு கல்லையே வெச்சு பண்ணினா நல்லா இருக்கும்னு தோணுது, ஆனா ரொம்ப சாதாரணமா இருக்குமோன்னு பயமாவும் இருக்கு.

நுண்துளை:

நான் போரஸ் மெட்டீரியல்ஸ்ல பிஎச்டி பண்றேன், எம்ஓஎஃப் என் ஏரியா, அதனால சொல்றேன். உலோக அயனியும் ஆர்கானிக் மூலக்கூறும் சேர்ந்து கட்டின கூடு, துளையோட அளவை நாமளே டிசைன் பண்ணலாம், கிட்டகாவா, ராப்சன், யாகி மூணு பேருக்கும் நோபல் குடுத்தது அந்த யோசனைக்குத்தான். ஆயிரக்கணக்குல பண்ணியாச்சு, ஆனா ஃப்ளூ கேஸ் முன்னாடி நின்னு தாக்குப் பிடிக்கிறது கைவிட்டு எண்ணலாம். காரணம் ஈரம். ஃப்ளூ கேஸ்ல பத்து சதவீதம் அளவுக்கு நீராவி இருக்கும், நிறைய எம்ஓஎஃப்ல தண்ணி போய் உலோகத்தோட ஒட்டி கூட்டையே கலைச்சிடும். ஜியோலைட் 13எக்ஸ்க்கு கூடு கலையாது, ஆனா அதுக்கு சிஓ2-வை விட தண்ணி மேல ஆசை அதிகம், ஈரத்தோட கேஸ் விட்டா துளையெல்லாம் தண்ணிதான் நிறையும், அதை உலர்த்த வேற தனி செலவு. பேப்பர்ல காஞ்ச சிஓ2 மட்டும் விட்டு டெஸ்ட் பண்ணின நம்பரை பார்த்தா உடனே அடுத்த பக்கத்துக்குப் போயிடு தங்கச்சி.

தாக்குப் பிடிச்ச ஒண்ணு கால்ஃப்-20. கனடால கால்கரி யூனிவர்சிட்டியில ஷிமிசு குரூப் பண்ணினது, துத்தநாகம், ட்ரையசோல், ஆக்சலேட், மூணுமே விலை உயர்ந்த சரக்கு கிடையாது, 2021-ல சயன்ஸ் ஜர்னல்ல வந்துச்சு. கிராமுக்கு பிடிக்கிற அளவுல அது சாம்பியன் இல்லவே இல்ல. ஆனா ஓரளவு ஈரம் இருந்தாலும் தண்ணிய விட்டுட்டு சிஓ2-வைப் பிடிக்கும், நேரடியா ஸ்டீம் விட்டு கழுவினாலும் உடையாது. ஸ்வான்ட்டேங்கிற கம்பெனி அதை மெல்லிய ஷீட் மேல பூசி, சுத்துற மெஷின்ல வெச்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள பிடிச்சு விடுற மாதிரி பண்ணினாங்க, பிரிட்டிஷ் கொலம்பியாவுல ரிச்மண்ட்ங்கிற ஊர்ல லஃபார்ஜ் சிமெண்ட் ஆலையில நாளைக்கு ஒரு டன் அளவுல ஓட்டிப் பார்த்தாங்க. மேல ஸ்டீம்_பேலன்ஸ் சார் போட்ட 38 டன் கணக்கு இருக்கே, அதோட அர்த்தம் இதுதான்.

உன் லேப்ல எம்ஓஎஃப் பண்ணலாம், ஆனா சர்ஃபேஸ் ஏரியா அனாலைசர், எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைப் பார்க்கிற எக்ஸ்ரே மெஷின்) எல்லாம் வெளிய அனுப்பி மாசக்கணக்குல காத்திருக்கணும். நான் சுண்ணாம்புக்குத்தான் ஓட்டு போடுவேன், சாதாரணம்னு நினைக்காத. கால்சியம் லூப்பிங்னு தேடு. 650 டிகிரில கால்சியம் ஆக்சைடு சிஓ2-வைப் பிடிச்சு கார்பனேட் ஆகும், 900 டிகிரி கிட்ட போனா விட்டுடும். பிடிக்கிறப்ப வர்ற வெப்பம் 650 டிகிரில வருது, அதுல டர்பைனுக்கு ஸ்டீம் போடலாம், அமீன்ல அது முடியாது. முதல் சுத்துல ஒரு கிராம் ஆக்சைடு 0.78 கிராம் சிஓ2 வரைக்கும் பிடிக்கலாம், எந்த எம்ஓஎஃப்பும் கிட்ட வராது. பிரச்சினை என்னன்னா சூட்டுல துகள்கள் ஒட்டி இறுகிப் போய், சில பத்து சுத்துக்குள்ள கால்வாசிக்கும் கீழ போயிடும். மத்த தொழில்ல அந்த செத்த சுண்ணாம்பு குப்பை. சிமெண்ட் ஆலையில அதையே கில்ன்ல போட்டா கிளிங்கர் ஆகிடும், ஏற்கனவே சிஓ2 போன கல்லுங்கிறதால அங்க சூடும் மிச்சம். இந்தப் பொருத்தம் வேற எந்தத் தொழிலுக்கும் கிடையாது, உன் ஊரு கல்லை எடு.

ஸ்டீம்_பேலன்ஸ்:

நுண்துளை சொன்னதோட முழுசா ஒத்துப் போறேன். கொஞ்சம் ப்ராக்டிகலா சில விஷயம் மட்டும்.

முதல்ல குவாரி கல்லோட லாஸ் ஆன் இக்னிஷன் (சுட்டா எத்தனை சதவீதம் எடை குறையுதுன்னு) பாருங்க, சுத்தமான கார்பனேட்னா 44 வரும், உங்க கல்லுல களிமண், சிலிக்கா இருக்கும், அதனால குறையும். அந்த சிலிக்கா 900 டிகிரில கால்சியத்தோட சேர்ந்து சிலிகேட் ஆகி கொஞ்சம் கால்சியத்தை நிரந்தரமா முடக்கிடும், அதனால ஒரே குவாரில வேற வேற மட்டத்துல எடுத்த கல்லை ஒப்பிட்டுப் பார்த்தாலே நல்ல ப்ராஜெக்ட் ஆகிடும், கடைசி வருஷத்துக்கு அது தாராளம்.

டிஜிஏ-ல நிறைய பேர் 750 டிகிரில வெறும் நைட்ரஜன்ல சுட்டு ரீஜெனரேட் பண்றாங்க, சுலபமா இருக்கும், கர்வும் அழகா வரும், ஆனா நிஜ ப்ளாண்ட்ல அது நடக்காது, நைட்ரஜன் கலந்துட்டா பிடிச்ச சிஓ2-வை மறுபடி யாரு பிரிக்கிறது? சிஓ2 சூழல்லேயே 900-க்கு மேல 930, 950ன்னு சுட்டுப் பாருங்க, வீழ்ச்சி வேகமா இருக்கும், அந்த வேகமான வீழ்ச்சிதான் நிஜம். பிடிக்கிற ஸ்டெப்புக்கு 15 சதவீதம் சிஓ2, மிச்சம் நைட்ரஜன் சிலிண்டர் சொல்லி வாங்குங்க. சாம்பிளை குரூசிபிள்ல மெல்லிசா பரப்புங்க, பத்து மில்லிகிராமுக்குள்ள, குவிச்சுப் போட்டா உள்ள கேஸ் போறதுக்கே நேரம் எடுத்து டேட்டா குழம்பிடும்.

கொஞ்சம் சாம்பிளை இடையில ஒரு தடவை தண்ணியோ ஸ்டீமோ விட்டு நீத்திப் பாருங்க, ஹைட்ராக்சைடா மாறி மறுபடி சுட்டா துளை திறந்து கெபாசிட்டி ஓரளவு திரும்ப வரும், ஆனா துகள் பலமிழந்து உதிரும். எத்தனை சுத்துக்கு ஒரு தடவை நீத்தினா லாபம்னு உங்க கல்லுக்குக் கண்டுபிடிங்க. கர்வ் வந்ததும் இங்கேயே போடுங்க, பார்த்து சொல்றேன்.

சுண்ணாம்புக்கல்:

ஞாயித்துக்கிழமை எங்க மாமாவோட குவாரிக்குப் போறேன், மூணு மட்டத்துலயும் கல் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியாச்சு. நுண்துளை அக்கா, நீத்துற ஸ்டெப்பை டிஜிஏ-க்குள்ளயே ஸ்டீம் விட்டுப் பண்ணலாமா, மெஷின் கெட்டுப் போயிடுமா?

நுண்துளை:

உள்ள ஸ்டீம் விடாதே, பேலன்ஸ் கெட்டுடும். மஃபில்ல சுட்ட சாம்பிளை வெளிய எடுத்து, மூடின டெசிகேட்டர்ல கீழ தண்ணி வெச்சு ஒரு ராத்திரி விடு, அடுத்த நாள் எடை பார்த்துட்டு டிஜிஏ-ல ஏத்து. நீத்தினதும் திறந்த காத்துல வெச்சிடாதே, மூடியே வை, இல்லைன்னா காத்துல இருக்கிற சிஓ2-வையே பிடிச்சுட்டு உன் முதல் ரீடிங் தப்பா வரும்.